பூட்டிய கடையும் ஓடிய வட்டியும்: சென்னையின் உள்ளூர் ஊரடங்குகள் சிறு வணிகத்தில் விட்டுச்சென்றவை

2020 ஏப்ரல் 24 அன்று, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாள்களுக்கும், சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் 26 முதல் 28 வரை மூன்று நாள்களுக்கும் முழு ஊரடங்கு என்றது அது. கொரோனா தொற்றால் நாடு முழுவதும் ஏற்கெனவே ஒரு மாதமாக ஊரடங்கில்தான் இருந்தது என்றாலும், காலையில் மளிகைக் கடைகள் திறந்திருந்தன. அந்தச் சிறு வாசலும் சில ஊர்களில் மட்டும் அடைபடப்போகிறது என்றவுடன், இடையில் எஞ்சியிருந்த ஒரே நாளான 25ஆம் தேதி அந்த நகரங்களின் கடைவீதிகள் பண்டிகைக் காலம்போல நிரம்பி வழிந்தன. கூட்டத்தைக் கண்டு, கடைகளைப் பிற்பகல் 3 மணிவரை திறந்துவைக்க அரசு அனுமதித்தது. இடைவெளி காக்க வேண்டும் என்பதற்காகப் போடப்பட்ட உத்தரவு, தொடங்குவதற்கு முன்பே மக்களைத் தோளோடு தோள் உரச வைத்துவிட்டது.

தேசிய ஊரடங்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மாநகரம், நான்கு மாவட்டங்கள், ஒரு சந்தை, ஒரு தெரு என்று எல்லை குறுக்கிப் போடப்பட்ட உள்ளூர் ஊரடங்குகளின் விளைவு அதிலிருந்து வேறுபட்டது. எல்லா ஊரும் மூடிக்கிடக்கும்போது வாங்குபவரும் காத்திருக்கிறார், கடன் கொடுத்தவரும் காத்திருக்கிறார். ஓர் ஊர் மட்டும் மூடும்போது அந்த ஊர்க் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் காத்திருப்பதில்லை; சரக்கு வேறு வழியில் போகிறது, வாடிக்கையாளர் வேறு கடையைப் பழகிக்கொள்கிறார், வட்டி தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஆகவே கடை எத்தனை நாள் மூடியிருந்தது என்பதை மட்டும் எண்ணி இழப்பைக் கணக்கிட்டால் பாதிக்கு மேற்பட்டது கணக்கில் வராமல் போய்விடும். அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே கிடைத்த அவகாசம், கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பது, எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரிந்ததா என்பது ஆகியவையே சிறு வணிகரின் கதியைப் பெரிதும் தீர்மானித்தன. கோயம்பேட்டை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்.

ஜார்ஜ் டவுனின் நெரிசலில் திணறிக்கொண்டிருந்த கொத்தவால் சாவடி மொத்த வணிகத்தை நகருக்கு வெளியே கொண்டுபோவதற்காக 1996இல் திறக்கப்பட்டது கோயம்பேடு வணிக வளாகம். சுமார் 295 ஏக்கர் பரப்பு. காய்கறி, பழம், பூ என மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். தேசிய ஊரடங்கு தொடங்கியபோது இதை மூடவில்லை. மூடியிருக்கவும் முடியாது, ஏனென்றால் சென்னையின் அடுப்பு இதை நம்பித்தான் எரிகிறது. நள்ளிரவுக்கு மேல் லாரிகள் வந்து சேர, மண்டிக்காரர், கமிஷன் ஏஜெண்ட், சுமைதூக்கும் தொழிலாளி, சில்லறை வியாபாரி, குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியின் ஓட்டுநர் எனப் பல ஆயிரம் பேர் விடியற்காலைக்குள் ஒரே இடத்தில் புழங்குகிறார்கள். ஏப்ரல் கடைசி நாள்களில் இங்கே தொற்று தென்படத் தொடங்கியது. 25ஆம் தேதிக் கூட்டமே முழுக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. அதற்கு முன்பும் சந்தை நெரிசலோடுதான் இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஒரு நாள் நிலைமையைச் சீராக்கவில்லை என்பது நிச்சயம்.

மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. அதற்கு முன்பே, வேலையில்லாமல் போன சுமைதூக்குவோரும் கடைப் பணியாளர்களும் கிடைத்த லாரியில் ஏறிச் சொந்த ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அரியலூர், கடலூர், விழுப்புரம், பெரம்பலூர் மாவட்டங்களில் அதுவரை குறைவாக இருந்த தொற்று மே முதல் வாரத்தில் திடீரென ஏறியதற்கு இவர்களின் பயணமே காரணமாகச் சுட்டப்பட்டது. "கோயம்பேட்டிலிருந்து வந்தவர்" என்பது பல கிராமங்களில் ஒரு வசைபோல ஆயிற்று. வேலை செய்த இடத்தில் தங்க இடமில்லை, சாப்பிட வழியில்லை என்பதால் ஊர் திரும்பியவர்கள், ஊரில் நோயைச் சுமந்துவந்த குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்டார்கள். சந்தையைப் பூட்டும் திட்டத்தில், அந்தச் சந்தைக்குள்ளேயே படுத்துறங்கி வாழ்ந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. துணைநகரத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த வெட்டவெளியில் தகரக் கொட்டகைகள் எழுந்தன. மே 10 வாக்கில் சுமார் 200 மொத்தக் கடைகளுடன் அது இயங்கத் தொடங்கியது. பழக்கடைகள் மாதவரத்துக்குப் போயின. இந்த ஏற்பாட்டால் நகரத்துக்குக் காய்கறி வந்தது உண்மை. ஆனால் 200 மட்டும் என்னும் கணக்கிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது: பெரிய மண்டிகளுக்கு இடம் கிடைத்தது, வளாகத்துக்குள் சிறு கடை வைத்திருந்தவர்களும், ஒரு மூட்டையை வாங்கிப் பிரித்துக் கூறுகட்டி விற்றவர்களும் வெளியே நின்றார்கள். கோயம்பேட்டிலிருந்து திருமழிசை 15 கிலோமீட்டருக்கும் மேல். வடசென்னையிலிருந்தோ தென்சென்னையிலிருந்தோ தினமும் அங்கே போய்வர வண்டி வாடகை கூடியது. பேருந்தும் ஷேர் ஆட்டோவும் ஓடாத காலத்தில், சொந்த வண்டி இல்லாத சில்லறை வியாபாரி நான்கைந்து பேரோடு சேர்ந்து ஒரு குட்டியானையைப் பேசினால்தான் உண்டு. மழை பெய்தால் மைதானம் சேறாகி, விற்காத தக்காளி அங்கேயே குப்பையானது. கோயம்பேட்டுக் காய்கறி அங்காடி மீண்டும் திறந்தது செப்டம்பர் இறுதியில். அப்போதும் முதலில் திறந்தவை பெரிய கடைகளே, சிறு கடைகளின் முறை அதற்கும் பிறகுதான் வந்தது. ஒரு சந்தையைப் பூட்டினால் மீண்டும் திறக்கும் வரிசை எப்போதும் மேலிருந்து கீழாகவே இருக்கிறது.

இனி, அந்த வரிசையின் கடைக்கோடியில் இருப்பவரின் பணம் எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். சிறு வணிகம் என்றதும் அரசாணைகளில் நினைவுக்கு வருவது பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனம். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி எண்ணும் கொண்டது. சென்னைத் தெருக்களில் பெரும்பாலான தொழில் தண்டல் எனப்படும் தினவசூல் கடனில் நடக்கிறது. பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கையில் 8,500 ரூபாய்தான் வரும். நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டு வட்டியாக மாற்றினால் அது நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். இருந்தும் வங்கியைவிட இதையே நாடுவதற்குக் காரணம் உண்டு: தண்டல்காரர் பத்திரம் கேட்பதில்லை, மாலையில் கடைக்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறார், அன்றன்றைய வருமானத்தில் அன்றன்றே கழிகிறது.

தெருமுனை டீக்கடை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். காலையில் பால், தூள், சர்க்கரை, கேஸ், வடை போடும் மாவு, எண்ணெய் என்று 2,000 ரூபாய் இறங்குகிறது. இரவுக்குள் 3,000 ரூபாய்க்கு விற்கிறது. உதவியாளுக்கு 300, தண்டலுக்கு 100, வீட்டுச் செலவுக்கு 500 போக மிஞ்சும் 2,100 ரூபாய்தான் மறுநாளுக்கான கைமுதல். இதில் கடை வாடகையையும் மின்கட்டணத்தையும் நான் சேர்க்கவேயில்லை. இந்தக் கடை மூடினால் வருமானம் நிற்கிறது, வீட்டுச் செலவு நிற்பதில்லை. நாளுக்கு 500 வீதம் எடுத்தால் ஐந்தாம் நாளில் கைமுதல் கரைந்துவிடுகிறது. 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் அண்டை மாவட்டப் பகுதிகளிலும் போடப்பட்ட முழு ஊரடங்கு 12 நாள். அதில் டீக்கடைக்கு அனுமதி கிடையாது. ஜூலையில் திறக்க அனுமதி வந்தபோது, திறப்பதற்குப் பால் வாங்கவே இன்னொரு தண்டல் தேவைப்பட்டது. பழைய தண்டல் முடியாமல் புதுத் தண்டல் வாங்கியவர் நாளொன்றுக்கு 200 கட்ட வேண்டும். விற்பனையோ பாதியாகக்கூட மீளவில்லை, ஏனென்றால் டீ குடிக்க வந்துகொண்டிருந்த கட்டடத் தொழிலாளியும் அலுவலக உதவியாளரும் திரும்பி வந்திருக்கவில்லை. 12 நாள் அடைப்பு ஆறு மாதக் கடனாக மாறுவது இப்படித்தான்.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் கடன் வாங்கியவருக்கு அது ஒரு மூச்சு, வட்டி கூடிக்கொண்டே போனாலும். தண்டலுக்கு எந்த வங்கியின் சுற்றறிக்கையும் பொருந்தாது. அதே சமயம் தண்டல்காரர்களில் பலரும் ஊரடங்கின்போது வசூலை நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கருணையால் என்பதைவிட, கடைக்காரர் எழுந்து நின்றால்தான் பணம் திரும்பும் என்ற கணக்கால்.

ஜூன் ஊரடங்குக்கு நான்கு நாள் அவகாசம் தரப்பட்டது. 15ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். ஏப்ரலைவிட இது நல்லதுதான். ஆனால் இம்முறை மக்கள் கடைக்கு ஓடியதோடு நிற்கவில்லை, ஊருக்கும் ஓடினார்கள். இ-பாஸ் என்ற பயண அனுமதி இருந்தவரும் இல்லாதவருமாகத் தெற்கு நோக்கிய நெடுஞ்சாலையில் வாகனங்கள் வரிசைகட்டின. வாடகை வீட்டைக் காலிசெய்துகொண்டு போனவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து தெருக் கடைகளின் வாடிக்கையும், மளிகைக் கடைப் பற்று நோட்டில் நின்ற பாக்கியும் ஊரைவிட்டுப் போயின. பற்று எழுதிக் கொடுப்பது சிறு மளிகைக் கடையின் பலம். சூப்பர் மார்க்கெட்டால் முடியாதது அது. அந்தப் பலமே அந்த ஆண்டு பலருக்குச் சுமையாகத் திரும்பியது.

எல்லைக் கோட்டின் வினோதங்கள் தனி. நான்கு மாவட்டங்கள் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்கள் முழுவதும் மூடப்படவில்லை. சென்னைப் பெருநகரக் காவல் எல்லைக்குள் வரும் பகுதிகளும் பெயர் குறிப்பிட்ட சில உள்ளாட்சிப் பகுதிகளும் மட்டுமே அதற்குள் வந்தன. எந்தக் காவல் நிலையத்தின் சரகத்தில் கடை இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஷட்டர் ஏறியது, இறங்கியது. இதற்கு முன், ஜூன் மாதத் தொடக்கத்தில் மாநிலத்தை எட்டு மண்டலங்களாகப் பிரித்தபோது சென்னை தனி மண்டலம். சுற்றியிருந்த மூன்று மாவட்டங்கள் வேறொரு மண்டலம். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குச் சரக்கெடுக்கப் போகும் ஒருவர் தன் அன்றாட வழியில் மண்டல எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. நகரம் என்பது நிர்வாக எல்லையால் ஆனதல்ல, போக்குவரத்தால் ஆனது. வரைபடம் போட்டவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர், கையில் இருந்த எல்லை அது ஒன்றுதான்.

இந்தக் கோளாறு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அதே ஜூன் மாதம் 29ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்கு மட்டும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அத்தியாவசியமற்ற கடைகள் மறுநாளே மூடப்பட்டன. ஜூலை 4 அன்று மற்ற ஊர்களில் மதுக்கூடங்களும் முடிதிருத்தகங்களும் திறந்தபோது லெஸ்டரில் மட்டும் அவை மூடிக்கிடந்தன. உணவகங்கள் திறக்க ஆகஸ்ட் 3 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த உணவகம் அந்த ஒரு மாதம் இந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களையும் சேர்த்துக் கவனித்தது. ஆனால் அந்த நாடு ஒன்றைச் செய்தது. செப்டம்பரில், உள்ளூர் ஊரடங்கால் மூடச் சொல்லப்படும் தொழில்களுக்கு மூன்று வாரத்துக்கு 1,500 பவுண்டுவரை மானியம் என்று விதி வகுத்தது. மூடச் சொன்னால் மூடியதற்குப் பணம் என்ற அந்த நேரடித் தொடர்பு தமிழ்நாட்டில் எந்தக் கட்டத்திலும் உருவாகவில்லை.

இங்கே கிடைத்தது குடும்பத்துக்கான உதவி. ஜூன் 2020 ஊரடங்கின்போது அந்தப் பகுதிகளில் அரிசி அட்டைதாரர்களுக்கு ஆயிரம் ரூபாய் தரப்பட்டது. மேலே சொன்ன டீக்கடைக் கணக்கில் அது இரண்டு நாள் வீட்டுச் செலவு. தொழிலுக்கான உதவியோ கடன் வடிவில் வந்தது. மத்திய அரசு மே மாதம் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், ஏற்கெனவே வங்கிக் கடன் வைத்திருப்பவருக்கு நிலுவையில் 20 விழுக்காட்டைக் கூடுதலாகத் தந்தது. வங்கிக் கடனே இல்லாதவருக்கு 20 விழுக்காடு என்பது பூஜ்ஜியம். சாலையோர வியாபாரிகளுக்கென ஜூன் 1 அன்று தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டம் இந்த இடைவெளியைச் சரியாகவே கண்டுகொண்டது: பிணையில்லாமல் பத்தாயிரம் ரூபாய், ஓராண்டில் மாதத் தவணையில் திருப்பலாம், ஒழுங்காகக் கட்டினால் 7 விழுக்காடு வட்டி மானியம். தண்டலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் வியாபாரியென நிரூபிக்க மாநகராட்சியின் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் ஏராளம். சொந்த ஊருக்குப் போய்விட்டவரோ, விற்கும் இடமே தகரம் அடித்து அடைக்கப்பட்டவரோ விண்ணப்பிக்க எங்கே நிற்பது?

தகரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டில் தொற்று என்றால் தெருவின் இரு முனையையும் சவுக்குக் கட்டையும் தகரமும் வைத்து அடைப்பது 2020இன் நடைமுறையாக இருந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் தெருவும் கடையும் வீடும் பிரிக்க முடியாதவை. முன்னறையில் தையல் இயந்திரம், திண்ணையில் இட்லிக் கடை, மாடியில் குடித்தனம். அங்கே தெருவை அடைப்பது ஒரே வீச்சில் பத்திருபது தொழில்களை அடைப்பதாகும், அவற்றில் எதுவும் எந்தப் பதிவேட்டிலும் கடையென்று இல்லாததால் இழப்புக் கணக்கிலும் வராது. இட்லி விற்பவரும் மாவு அரைத்துத் தருபவரும் பெரும்பாலும் பெண்கள். தகரம் அகன்ற பிறகும் அந்த வீட்டில் வாங்கலாமா என்ற தயக்கம் வாரக்கணக்கில் நீடித்தது.

எல்லாக் கடைகளும் ஒரே மாதிரி அடிபடவில்லை. மளிகை, மருந்து, பால் ஆகியவற்றுக்கு விற்பனை குறையவில்லை. சில தெருக்களில் கூடவும் செய்தது, ஏனென்றால் இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்தே போய் வாங்க வேண்டும் என்ற விதி பெரிய கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைத் தெருமுனைக் கடைக்குத் திருப்பிவிட்டது. ஆக நொந்தவை உடல் நெருக்கம் தேவைப்பட்ட தொழில்கள். முடிதிருத்தகங்களுக்கு மற்ற மாவட்டங்களில் மே மாதமே அனுமதி வந்தும் சென்னையில் ஜூன் வரை வரவில்லை. திறந்தபோது வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு ஆதார் எண்ணையும் குறித்துவைக்கச் சொன்னார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் மூடச் சொன்னார்கள். இடைப்பட்ட நாள்களில் கிருமிநாசினிக்கும் ஒருமுறை பயன்படுத்தும் துணிகளுக்கும் போட்ட பணம் அப்படியே நின்றது. பருவத்தை நம்பிய தொழில்களின் இழப்போ ஈடுகட்ட முடியாத வகை. ஏப்ரல் 26, முழு ஊரடங்கின் முதல் நாள், அட்சய திருதியை. மே மாதம் ரம்ஜான் வந்தது. மதுரையில் சித்திரைத் திருவிழா மக்கள் இல்லாமல் கழிந்தது. விற்காத சேலையை அடுத்த ஆண்டு விற்கலாம். விற்காத மல்லிகையை அன்று மாலையே கொட்டத்தான் வேண்டும்.

விதிகளின் குழப்பம் கடைக்காரருக்கும் காவலருக்கும் இடையே இன்னொரு உறவை உண்டாக்கியது. இன்று 2 மணிவரை, நாளை 5 மணிவரை, ஞாயிறு முழு அடைப்பு, குளிரூட்டப்பட்ட கடைக்கு அனுமதியில்லை என ஆணைகள் வாரந்தோறும் மாறின. அவற்றின் பொருளைத் தெருவில் முடிவுசெய்தவர் ரோந்து வந்த காவலர். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து வியாபாரம் பார்ப்பது திறப்பா மூடலா என்பது அவர் சொல்வதுதான். இந்த அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காட்டியது. கைப்பேசிக் கடை நடத்திவந்த ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் ஜூன் 19 அன்று கைதுசெய்யப்பட்டார்கள். அனுமதித்த நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். நான்கு நாள்களுக்குள் இருவரும் உயிரிழந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. விசாரணை சிபிஐக்குப் போய், காவலர்கள்மேல் கொலை வழக்கானது. மூடும் நேரத்தை ஒரு குற்றவியல் விவகாரமாக ஆக்கியபோது சிறு கடைக்காரர் எவ்வளவு பாதுகாப்பற்றவர் ஆனார் என்பதை மாநிலமெங்கும் வணிகர்கள் அன்று உணர்ந்தார்கள்.

2021இல் இரண்டாம் அலை வந்தபோது சில பாடங்கள் கற்கப்பட்டிருந்தன, சில மறக்கப்பட்டிருந்தன. மே 24 முதல் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு என்று அறிவித்துவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் எல்லாக் கடைகளையும் இரவு 9 மணிவரை திறக்க விட்டார்கள். ஒரு நாள் கூட்டம் இரண்டு நாளுக்குப் பரவியது, அவ்வளவுதான் மாற்றம். மறுபுறம், காய்கறி, பழங்களை வாகனங்களில் தெருத்தெருவாக விற்கும் ஏற்பாட்டைத் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் முன்னின்று செய்தன. தள்ளுவண்டிக்காரர்களும் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டது, ஓராண்டுக்கு முன் திருமழிசைக்கு வெளியே நின்றவர்களை நினைத்தால் உண்மையான முன்னேற்றம். உதவித்தொகையும் இரண்டு தவணையாக 4,000 ரூபாயானது. சுமார் 2 கோடி 7 லட்சம் அட்டைகளுக்கு.

ஜூன் 7 அன்று தளர்வுகள் தொடங்கியபோது கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய 11 மாவட்டங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. சென்னையில் இயங்கத் தொடங்கிவிட்ட தொழில், திருப்பூரில் நின்றது. பனியன் தொழிலில் ஏற்றுமதி நிறுவனங்கள் குறைந்த ஆள்களோடு இயங்கச் சிறிது இடம் கொடுக்கப்பட்டது. ஆனால் ஒரு பனியன் உருவாக நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று கைமாறிப் போக வேண்டும். இடையில் உள்ள வேலைகளில் பலவற்றை நான்கைந்து மெஷின் வைத்துக் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க் கூடங்களே செய்கின்றன. ஏற்றுமதியாளர் திறந்து ஜாப் ஒர்க்காரர் திறக்காவிட்டால் சரக்கு நகராது. நகராத சரக்குக்கு ஜாப் ஒர்க்காரர் பில் போட முடியாது. பில் போட்டாலும் பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அந்த மாதத்து மெஷின் தவணையும் கூடத்தின் வாடகையும் மட்டும் வழக்கமான தேதியிலேயே வந்து நின்றன.